எட்டாம் மணிக்காரன் சொன்ன ‘ஸ்டாண்ட்’

மணிக்கூண்டில் புதிதாகக் கயிறு பிடிக்க வந்திருக்கிற பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்து வாசிப்பித்துக் கேளுங்கோ. அவர்களும் கொஞ்சம் அறியட்டும். "பிள்ளையை மனோர் பார்க் முருகனிட்டக் கூட்டிக்கொண்டு போறதை விட்டிட்டு வெள்ளைக்காரன்ர சேர்ச்சில மணி அடிக்க விட்டிருக்கிறியள்" என்று கதைக்கிற சனத்துக்குச் சொல்ல ஒரு பதிலாவது கிடைக்கும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வேறு ஒருவரும் சொல்லப்போவதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் காணவில்லை. ஊரில் கரைக்கு வருகிற மீனை ஏலம் கூறி விற்கிற வேலை. விலையைக் கத்திக் கத்தி ஏற்ற வேணும். சுற்றி நிற்கிறவன் எவன் தலையாட்டினான், எவன் கண்ணைச் சிமிட்டினான் என்று ஒரே நேரத்தில் பார்க்கவும் வேணும். எண்பதுகளின் நடுவில் சண்டை துரத்த இங்கே வந்து விழுந்தேன். ஈஸ்ட் ஹாம் பக்கத்துப் பழைய சேர்ச் ஒன்றில் கெயர்டேக்கர் வேலை கிடைத்தது. நான் வேதக்காரன், கிறிஸ்தவன்தான், என்றாலும் அது என்னுடைய சபை இல்லை. கூட்டுகிறவனுக்குச் சபை எதற்கு? கூட்டினேன், ஹீட்டர் போட்டேன், கதவைத் திறந்தேன், பூட்டினேன். ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். ஆனால் கதவு திறந்துவிட வந்தவன் அதே கூண்டில் எட்டுப் பேரை நடத்தினான். கிழக்கு லண்டனில் எனக்கு முன் நம் ஆட்களில் எவன் செய்தான்? இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கோ, கை குடுக்கிறேன்.

போன கிழமை உங்களில் ஒரு பிள்ளை சுவரில் இருக்கிற பலகையை மேலிருந்து கீழே வாசித்துவிட்டு, "அங்கிள், நீங்கள் கண்டக்ட் பண்ணினனீங்கள் எண்டு சொன்னியள். உங்கட பேர் இதில இல்லையே?" என்று கேட்டது. நான் கயிறைச் சுருட்டுகிற சாக்கில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிழவன் புளுகுகிறான் என்று நினைத்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா அப்பாமாருக்காக ஒரு சின்ன விளக்கம். இந்த ஊர் மணியில் பாட்டு இல்லை. எட்டு மணி, எட்டுக் கயிறு, எட்டுப் பேர் வட்டமாக நிற்பார்கள். சின்ன மணியில் தொடங்கிப் பெரிய மணி வரைக்கும் ஒவ்வொன்றும் ஒருமுறை அடிக்கும். அடுத்த சுற்றில் பக்கத்து மணிகள் இடம் மாறும். அதற்கடுத்த சுற்றில் திரும்பவும் மாறும். ஒருமுறை வந்த வரிசை திரும்ப வரக்கூடாது. கையில் எழுதின துண்டு கிடையாது. அவரவர் போகிற தடம் அவரவர் தலைக்குள். இந்த எட்டில் ஒருவன் தன் மணியையும் அடித்துக்கொண்டு மற்ற ஏழு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டு, குறித்த இடத்தில் "பொப்" என்று குரல் கொடுத்து எல்லோருடைய தடத்தையும் திருப்பிவிடுவான். அவன்தான் கண்டக்டர். மணிக்கூண்டுக்கே பொறுப்பானவர் டவர் கப்டன். எங்களுக்கு அவர் வெறும் கப்டன்.

கப்டன் ரயில்வேயில் சிக்னல் கூண்டில் வேலை செய்து ஓய்வெடுத்த மனிதர். ஒல்லி, நெடுவல். சிரித்தால் ஏதோ குறைந்துபோகும் என்கிற மாதிரி முகம். ஒரு பயிற்சி மாலையில் ஆள் குறைந்தபோது, விளக்குமாறோடு நின்ற என்னைப் பார்த்து, "நீ இங்கேதானே நிற்கிறாய், மேட், வந்து இழு" என்றார். கடைசிவரை என்னை ‘மேட்’ என்றுதான் கூப்பிட்டார். என் பேரைச் சொல்ல அவருடைய நாக்கு மடியவில்லை.

கயிறு எனக்குச் சீக்கிரம் வந்தது. ஊரில் கரைவலையும் இழுத்த கை. கண்டக்ட் பண்ணுவதுதான் என்னைப் பிழிந்தது. முதல்முறை ‘பொப்’ என்று நான் கத்திய கத்தில் கீழே பூ அலங்கரித்துக்கொண்டிருந்த பெண்கள் வெளியே ஓடினார்கள். ஆனாலும் மணிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சட்டி பானை உருண்டமாதிரிப் போனது. மூன்றாம் மணி அடிக்கிற ஒரு ரீச்சர் இருந்தா. எதையும் கரும்பலகையில் எழுதுகிறமாதிரித்தான் சொல்லுவா.

"சத்தம் குறைவில்லை. நேரம்தான் பிழை. மாற்றம் நடக்கிறபோதுதான் நீங்கள் சொல்கிறீர்கள். நடக்கப்போவதற்கு முன்னால் சொன்னால்தான் எங்களால் செய்ய முடியும்."

இதை இந்தக் கடிதத்திலிருந்து எடுத்து நெஞ்சில் ஒட்டி வையுங்கோ. கண்டக்டருடைய குரல் எப்போதும் மணிக்கு ஒரு அடி முன்னால் போகவேணும். பிழை நடந்தபிறகு கத்துகிறவன் வழிநடத்துவதில்லை, ஒப்பாரி வைக்கிறான்.

தடத்தை எப்படி மனதில் பிடித்தேன் என்று கேட்பீர்கள். எந்த மணி எந்த மணிக்குப் பின்னால் வருகிறது என்பதுதான் சூட்சுமம். நான் அதை மீன் கூறுகிற இடத்தில் நிற்கிற ஆட்களாக வைத்துக்கொண்டேன். மூன்று ஒரு அவசரக்காரி, அவளுக்குப் பின்னால் ஐந்து, ஐந்து எங்கே போனாலும் ஏழு பின்னால் நிற்கும். பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் போவேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் எழும்பி வேறு சீட்டுக்குப் போவார்கள். என் மனிசி சொன்னா: "இஞ்சாருங்கோ, எங்கட ஊரில சேர்ச் பாக்கிற சங்கிலித்தாம் ஒருத்தர் தனிய நிண்டு ஒரு கையால மணி அடிப்பார். இஞ்ச எட்டுப் பேர், அதுக்குள்ள ஒரு தலைவர். மணியில பிழையோ, ஆக்களில பிழையோ?"

என்னை முதன்முதலாகச் சிறிய ஓட்டம் ஒன்றுக்குக் கண்டக்ட் பண்ண விட்டார்கள். முக்கால் மணித்தியாலம் போல மணி விடாமல் ஓடும். நல்லபடி முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கப்டன் மட்டும் கோட்டைப் போட்டுக்கொண்டு, "அது கணக்கில் வராது" என்றார். இரண்டு பேர் இடையில் தடம் மாறி மற்றவருடைய வேலையைச் செய்துவிட்டு, பின்னால் தற்செயலாகத் திரும்ப மாறியிருக்கிறார்கள். நான் கவனிக்கவில்லை.

"அப்ப ஏன் நீங்கள் சொல்லேல்லை?" என்று எனக்கிருந்த ஓட்டை இங்கிலீசில் கேட்டேன்.

"நீதானே கண்டக்டர். நான் வாய் திறந்தால் நான் கண்டக்டர் ஆகிவிடுவேன். மணி அழகாகக் கேட்டது, மேட். ஆனால் அது உண்மையாக இல்லை. நீ ‘ஸ்டாண்ட்’ என்று சொல்லியிருக்க வேண்டும்."

‘ஸ்டாண்ட்’ என்றால் எல்லோரும் அந்த இடத்திலேயே மணியை நிறுத்தவேணும். கண்டக்டர் மட்டும் சொல்லக்கூடிய சொல். அன்றைக்கு அந்த மனிதரைக் கொலை செய்கிற அளவுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் கோபம் இறங்கிவிட்டது. அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியவேண்டும் என்கிற வெறிதான் மிஞ்சியது.

அந்தச் சொல்லை நான் முதலில் சொன்ன நாளை எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். வங்கியில் வேலைசெய்த மனுசன் ஒருவர் ஆறாம் கயிற்றில் நின்றார். மணி அளவுக்கு மிஞ்சிச் சுற்றாமல் தாங்குகிற மரத்துண்டு ஒன்று மேலே இருக்கிறது, அது முறிந்துபோனது. கயிறு பாம்பு மாதிரி மேலே பறந்தது. அவர் பயத்தில் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தார், கால் நிலத்தைவிட்டுக் கிளம்பிவிட்டது. "விடு! கையை விடு! ஸ்டாண்ட்!" என்று மீன் கூறுகிற குரலில் கத்தினேன். மனுசன் விட்டார், தரையில் இருந்தார், கை தோல் மட்டும் உரிந்தது. எனக்குக் கைகுலுக்கல் என்ன, கேக் என்ன, ஆண்டுக் கூட்டத்தில் பேச்சு என்ன! கப்டன்கூடத் தோளில் தட்டினார். ஒரு ஆபத்துக்கு நிறுத்தினவனைச் சனம் கொண்டாடும். இதையும் எழுதி வையுங்கோ, மற்றப் பக்கம் இனி வருகிறது.

தொண்ணூறுகள் பிறந்து சில வருசம் போயிருக்கும். கப்டனுடைய தோள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப்பிறகு கயிறு பிடிக்க ஏலாது. அதற்கு முன்னால் ஒருமுறை முழு ஓட்டம் அடிக்க ஆசைப்பட்டார். முழு ஓட்டம் என்றால் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம், இடையில் நிறுத்தாமல், ஆள் மாற்றாமல். சரியாக முடிந்தால் எட்டுப் பேருடைய பேரும் தங்க எழுத்தில் பலகையாகச் சுவரில் ஏறும். கண்டக்டர் பேருக்குப் பக்கத்தில் ‘கண்டக்டர்’ என்றும் எழுதுவார்கள்.

"நீ எட்டாம் மணியில் நின்று கண்டக்ட் பண்ணு, மேட்" என்றார். "நான் ஐந்தில் நிற்கிறேன். கடைசித் தடவையாவது தலையைப் போட்டு உடைக்காமல் சும்மா அடித்துவிட்டுப் போகவேண்டும்."

நான் ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நகைக்கடையில் சொன்னேன், சாறிக் கடையில் சொன்னேன். மரக்கறிக் கடைக்காரத் தம்பி, "கண்டக்டரோ? எந்த பஸ் அண்ணை?" என்று கேட்டுச் சிரித்தான். சிரிக்கட்டும். நான் தினமும் கூட்டுகிற கட்டிடத்தின் சுவரில் என் பேர் ஏறப்போகிறது. படித்தவன் பேரே ஏறாத சுவர். மனிசிக்கும் ஆசை, ஆனால் அவவுடைய வாய் சும்மா கிடக்காது.

"தங்க எழுத்து எண்டாலும் எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கோ. உங்கட பேரை வாயாலயே உவங்கள் ஒழுங்காச் சொல்லுறாங்கள் இல்லை."

ஒரு சனிக்கிழமை பின்னேரம். மனிசி பிளாஸ்கில் தேத்தண்ணியும் மட்டன் றோல்சும் கொண்டுவந்து புல்லில் பாய் விரித்தா. தெற்கு லண்டன் மிச்சமிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்தான். நாங்கள் மேலே போனோம்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடினமாதிரி ஓடியது. அவ்வளவு சுத்தமாக நான் ஒருபோதும் நடத்தியதில்லை. பிறகு ஒரு பொப் சொன்னேன். கப்டனுடைய தோள் வெட்டி இழுத்தது, முகம் சுளித்தது, அவருடைய மணி ஒரு கணம் பிந்திவிட்டது. ரீச்சர் தடுமாறினா. இரண்டு மணியும் ஒரே இடத்தில் வந்து முட்டின. நான் உடனே சொன்னேன்: "மூன்று முன்னுக்கு! ஐந்து பின்னுக்குப் போ!"

ரீச்சர் நான் சொன்னபடி போக வெளிக்கிட்டா. கப்டன் என்னைப் பார்க்காமல், "நான் சரி" என்றார்.

ரீச்சர் என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா. எத்தனையோ வருசமாக அவர் பிழைவிட்டு அவ கண்டதில்லை. தன் தடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவருடையதை அவ எடுத்துக்கொண்டா. மற்றவர்கள் கழுத்தை நீட்டி வட்டத்தைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் தங்கள் கயிற்றைப் பார்த்தார்கள்.

பிழையான மணி அழகாகவே கேட்கும், பிள்ளைகள். ரோட்டில் போகிறவனுக்கு ஒன்றும் விளங்காது. இரண்டு பேர் ஆளுக்காள் மாறி நடக்கிறார்கள், அவ்வளவுதான். நான் திரும்பவும் சொன்னேன். கப்டன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இழுத்தார். கொஞ்சத் தூரம் போனபிறகுதான் அவர் வாய் திறந்தார், எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் மெதுவாக.

"அடுத்த பொப்பில் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி விடு, மேட்."

அப்போது தெரிந்தது, பிழை தன்னுடையது என்று அவருக்கும் தெரியும். மாற்றி விட்டால் கடைசி வரிசை ஒழுங்காக வந்து முடியும். இடையில் ஓடினது முழுக்கப் பொய்; ஆனால் முடிவு அழகு. பலகை ஏறும். அவருடைய கடைசி ஓட்டம் ஓட்டமாகவே நிற்கும். என் பேர் தங்கத்தில் நிற்கும். எட்டுப் பேரில் ஒருவரும் வெளியே சொல்லமாட்டார்கள் என்று அவர்கள் கயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்காததிலேயே தெரிந்தது. கையில் கயிறு, யோசிக்க நேரமில்லை, அடுத்த பொப் வந்துகொண்டிருக்கிறது. ‘மூன்றும் ஐந்தும் மாறுங்கோ’ என்கிற சொல் நாக்கில் வந்து நின்றது.

நான் ‘ஸ்டாண்ட்’ என்றேன்.

ஒவ்வொன்றாக மணிகள் நின்றன. பெரியது, என்னுடையது, கடைசியாக நின்றது. அந்த அமைதியில் கீழேயிருந்து கைதட்டல் கேட்டது. என் ஆட்கள். முடிந்துவிட்டதென்று நினைத்துவிட்டார்கள்.

கப்டன் கயிறைக் கட்டிவிட்டுக் கோட்டை எடுத்தார். ரீச்சர்தான் சொன்னா: "மாற்றி விட்டிருக்கலாமே. அவருக்காக."

"அவர்தான் எனக்குப் படிப்பிச்சவர்" என்றேன்.

"அது வேறு" என்றா.

எது வேறு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கீழே இறங்கினபோது மச்சான் றோல்சைக் கடித்துக்கொண்டு, "அத்தான், சோக்கா இருந்தது. சரியா முடிஞ்சுதோ?" என்று கேட்டான். "ஓம், முடிஞ்சுது" என்றேன். மனிசி என் முகத்தைப் பார்த்தா. கப்டனுக்கு ஒரு றோல்ஸ் நீட்டினா. அவர் காணாதவர் போலக் கேற்றைத் திறந்துகொண்டு போனார்.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன், நீட்டினால் என் வாய்தான் கசக்கும். ஒப்பரேஷனுக்கு முன்னால் திரும்பவும் ஒரு சனிக்கிழமை ஒழுங்குபண்ணினார்கள். எட்டாம் கயிற்றுக்கு வேறு சேர்ச்சிலிருந்து ஒரு ஆள் வந்தான். கப்டனே கண்டக்டர். எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். சொன்னார்கள். கதவு திறக்கவும் ஹீட்டர் போடவும் ஆள் தேவைதானே.

திறந்துவிட்டேன். முற்றத்தில் இலை கூட்டினேன். அவர் எடுத்தது நான் மனப்பாடம் செய்த அதே ஓட்டம். மூன்று மணித்தியாலமும் பிழைக்காகக் காது கொடுத்துக்கொண்டு நின்றேன். வரட்டும், ஒன்றாவது வரட்டும் என்று நின்றேன். நான் வாய்க்குள் ‘பொப்’ என்று சொல்ல, மேலே மணிகள் அதே இடத்தில் திரும்பின. முன்னர் பிசகின இடமும் வந்தது. மூன்று முன்னுக்குப் போனது, ஐந்து பின்னுக்குப் போனது, நான் அன்றைக்குச் சொன்னபடியே. கடைசிவரை சுத்தம். அந்தத் தோளோடு அப்படி அடிக்க இந்த உலகத்தில் வேறு ஆளில்லை. அது உண்மையான ஓட்டம். குறை சொல்ல ஒரு அடிகூட அவர் எனக்கு மிச்சம் விடவில்லை.

பலகை வந்தது. எட்டுப் பேர். மாட்டுகிற வேலை யாருக்கு? ட்ரில் பிடிக்கிறவன் நான்தானே. ஏணியில் ஏறி, துளை போட்டு, ஆணி முறுக்கி, நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. கப்டன் கீழே ஒரு கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சனிக்கிழமைக்குப்பிறகு அவர் என்னோடு முதன்முதலாகக் கதைத்தார்.

"இடது பக்கம் கொஞ்சம் உயர்த்து, மேட்."

"மட்டம் சரி" என்றேன். நீர்மட்டத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தார். "நான் சரி" என்றார்.

அவருடைய வாயிலிருந்து அதே சொல் வந்தபோது நான் நீர்மட்டத்தை ஏணித் தட்டில் வைத்தேன். ஒரு சொல்லுக்கு அவர் காத்திருந்தாரோ, நான் காத்திருந்தேனோ தெரியாது. பிறகு ஆணியைத் தளர்த்தினேன், இடது பக்கத்தை உயர்த்தினேன், முறுக்கினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இப்போது ஆள் இல்லை. அவருடைய செத்தவீட்டுக்கு மணி அடித்தவர்களில் நானும் ஒருவன். கண்டக்ட் பண்ண வேறு ஆளைப் பிடித்தார்கள்.

அதனால் பிள்ளைகள், கயிறு பிடித்து நீங்கள் எட்டுப் பேரை நடத்துகிற நாள் வரும்போது, பொய்யாக ஓடினால் நிறுத்துங்கோ. யார் சொன்னாலும் நிறுத்துங்கோ. அதற்குப்பிறகு ஒருவன் வந்து கைகொடுப்பான் என்று மட்டும் கையை நீட்டிக்கொண்டு நிற்காதேங்கோ. நான் செய்தது சரி. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு என்ன கிடைத்தது எனக்கு?

வருகிற கிழமை பயிற்சிக்கு வரும்போது அந்தப் பலகையை நேரே நின்று பாருங்கோ. இடது பக்கம் உயர்ந்து சரிந்து கிடக்கும். உங்களில் கெட்டிக்காரன் ஒருவன் அதைத் திருத்த ஏணி தேடுவான். தொடவேண்டாம் என்று சொல்லுங்கோ. மேலே கயிற்றில் நின்றபோது நான் கண்டக்டர், அவர் சொல்லியும் கேட்கவில்லை. ஏணியில் நின்றபோது நான் கெயர்டேக்கர், சொன்னபடி செய்தேன்.